கோடையில் காற்றைக் குறைக்கும் கேடு

பங்குனி வெயில் ஏறியதும் திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்துப் பஞ்சர் கடைகளிலும் பனியன் கம்பெனி வாசல்களிலும் ஆண்டுதோறும் கேட்கும் அறிவுரை இவ்வாண்டும் கேட்கத் தொடங்கிவிட்டது. வெயில் காலத்தில் டயரில் காற்று முழுதாக இருந்தால் சூட்டில் விரிந்து வெடித்துவிடும், ஆகவே நாலைந்து பவுண்டு குறைத்து வைக்க வேண்டும் என்பதே அது. முதலாளி, ஓட்டுநர், படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் தலையாட்டும் இந்த அறிவுரை முழுப் பொய் என்பதோடு, எந்த விபத்தைத் தடுப்பதாகச் சொல்கிறதோ அந்த விபத்தைத் தானே அழைத்து வருவதுமாகும்.

டயரைச் சூடாக்குவதில் வெயிலைவிடப் பெரும்பங்கு அதன் நெளிவுக்கே உண்டு. வண்டியின் எடையால் தரையில் படும் பகுதி தட்டையாகி, சுழன்று மேலே வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இப்படி நெளிந்து நிமிரும் ரப்பர், தான் வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக உள்ளே தேக்கிக்கொள்கிறது. காற்று குறைந்தால் பக்கச்சுவர், அதாவது தரையில் படாத பக்கவாட்டு ரப்பர், அளவுக்கு மீறி நெளிந்து கொதிப்பேறி, உள்ளிருக்கும் நூல் அடுக்குகளும் எஃகுக் கம்பி அடுக்குகளும் ரப்பரை விட்டுப் பிரிந்து, நெடுஞ்சாலை வேகத்தில் கிழிந்துபோகும். சூட்டில் காற்றழுத்தம் கூடுவது உண்மையே, 5.5 டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு கூடும். அந்த ஏற்றத்தையும் கணக்கில் கொண்டுதான் கார் நிறுவனம் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் அளவை ஒட்டியிருக்கிறது. அது குளிர்ந்த டயருக்கான அளவு, அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பார்க்க வேண்டிய அளவு.

இதை நம்பாதவர்கள் பீளமேட்டு விமான நிலையத்தை நினைத்துப் பார்க்கட்டும். கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அழுத்தம் இருந்தால், அங்கு இறங்கும் ஏர்பஸ் 320 விமானத்தின் டயரில் ஏறத்தாழ 200 பவுண்டு இருக்கிறது. சித்திரை மதியத்தில் கொதிக்கும் ஓடுதளத்தில், பல டன் எடையோடு, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது தரையைத் தொடுகிறது. கோடை என்பதற்காக எந்த விமானப் பொறியாளரும் அதில் நாலு பவுண்டைக் குறைப்பதில்லை. குறைந்திருந்தால் விமானத்தைப் புறப்பட விடுவதுமில்லை. விமான டயரின் கட்டுமானம் வேறு என்பது விடையாகாது. தன் கட்டுமானத்துக்கும் சுமைக்கும் விதித்த காற்று எந்த டயருக்கும் வேண்டும் என்பதையே பீளமேடு நாள்தோறும் காட்டுகிறது.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்த பிறகு, டயர் அழுத்தத்தைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு அந்நாட்டுக் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. காற்று 25 விழுக்காடு குறைந்தால் அந்த விளக்கு எரிந்தாக வேண்டும் என்பதே விதி. வெயில் கொளுத்தும் டெக்சாஸும் அரிசோனாவும் உள்ள நாடு அஞ்சியது காற்றுக் குறைவுக்குத்தான்.

திருப்பூருக்கு அளவு புதிதன்று. ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை, சிறிது பிசகினாலும் துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புகிற ஊர் இது. அதே ஊரின் பனியன் கம்பெனித் தொழிலாளர் வேன், ஊத்துக்குளியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் பெண்களை நெருக்கி ஏற்றி வரும்போது, அதன் டயர் அளவியைக் கண்டு எத்தனை மாதமாயிற்று என்று கேட்பார் இல்லை. வெளிநாட்டு வாங்குநரின் தணிக்கையாளர் தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்க்கிறார். வாசலில் நிற்கும் வேனின் மொட்டை டயரைக் கடந்து போய்விடுகிறார். துணிக்கு உள்ள மதிப்பு அதைத் தைப்பவரின் உயிருக்கு இல்லை என்பதைவிடக் கொடிய கணக்கு வேறு இல்லை.

காற்றைக் குறைக்கச் சொல்லும் பொய்யின் உடன்பிறப்பு, டயர் வெடிப்பது விதி என்னும் பேச்சு. அவிநாசி அருகே 2020 பிப்ரவரி 20 அன்று கன்டெய்னர் லாரி கேரள அரசுப் பேருந்தில் மோதி 19 பேர் இறந்தபோது முதலில் பரவியது டயர் வெடித்தது என்ற செய்தியே. ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம் என்பது பின்னர்தான் தெரியவந்தது. யாரையும் பொறுப்பாக்காத காரணம் என்பதால் டயர்மீது பழி எளிதில் ஒட்டிக்கொள்கிறது. டயர் வெடித்தது தெய்வச் செயல் என்று வாதிட்டு இழப்பீட்டைத் தவிர்க்க முயன்ற காப்பீட்டு நிறுவனத்தின் முறையீட்டை மும்பை உயர் நீதிமன்றம் 2023இல் தள்ளிவிட்டது. பயணத்துக்கு முன் டயரைப் பார்ப்பது ஓட்டுநரின், உரிமையாளரின் கடமை என்றும், வெடிப்புக்கான காரணங்களுள் காற்றுக் குறைவும் ஒன்று என்றும் அது சுட்டியது.

பட்டன், அதாவது தரைபடும் ரப்பரின் வரிப்பள்ளம், இருக்கும்வரை டயர் நல்லது என்பதும் பாதி உண்மையே. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கழற்ற வேண்டும். போகாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். பக்கச்சுவரில் 2319 என்று இருந்தால் அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது. பழைய டயர் வாங்குவோர் விலையைக் கேட்கும் முன் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

வண்டி வைத்திருப்போர் நாளைக் காலை, முதல் ஷிஃப்ட்டுக்கு வேன் கிளம்பும் முன், கதவுத் தூணில் உள்ள எண்ணைப் படித்து, அளவியை வைத்துப் பார்த்து, அந்த அளவுக்கே காற்றடைக்கட்டும். ஸ்டெப்னியையும் விட்டுவிட வேண்டாம்.