கைப்பட்டை பரிசுப் பொருள் அல்ல

பள்ளி அணியிலிருந்து பெரிய கிளப்புகள் வரை கால்பந்தில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. யார் அதிகம் கோல் அடிக்கிறாரோ, யாருடைய பெயரைச் சொன்னதும் கூட்டம் கைதட்டுகிறதோ, அவர் கையில் கேப்டன் பட்டையை மாட்டிவிடுகிறார்கள். கோபித்துக்கொண்டு வேறு கிளப்புக்குப் போய்விடக் கூடாதே என்று பட்டையைக் கொடுத்துச் சமாதானம் செய்வதும் நடக்கிறது. இந்த வழக்கம் தவறானது. இதனால் அணிக்கும் இழப்பு, அந்த ஆட்டக்காரருக்கும் இழப்பு.

தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையில் உருண்டுகொண்டிருப்பது சுமார் ஒரு மணி நேரம்தான். மீதி நேரம் த்ரோ, ஃப்ரீ கிக், காயம், வாக்குவாதம், கோல் வாங்கிய பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்புவது என்று கழிகிறது. ஒருவரின் திறமையை அந்த ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அவர் மற்றவர்களைத் தாங்கக்கூடியவரா என்பதை அறிய, பந்து நிற்கும் நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கவனிக்க வேண்டும். கேப்டனைத் தேர்ந்தெடுக்க இதைவிட நம்பகமான வழி இல்லை என்பதே நம் கருத்து.

1950 ஜூலை 16. ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். பிரேசிலுக்கு டிரா போதும். உருகுவே வென்றே ஆக வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களில் சுவீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என நொறுக்கிவிட்டு வந்திருந்தது பிரேசில். டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் மட்டும் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல். இடைவேளை முடிந்த இரண்டாவது நிமிடமே பிரேசிலின் ஃப்ரியாசா கோல் அடித்துவிட்டார். அந்த இரைச்சலில் எந்த அணியாக இருந்தாலும் அடுத்த பத்து நிமிடத்துக்குள் இன்னும் இரண்டு கோல் வாங்கியிருக்கும்.

உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலா பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். துளி அவசரம் இல்லாமல் நடந்துபோய், அது ஆஃப்சைடு என்று லைன்ஸ்மேனிடம் முறையிட்டார். அடுத்து ஆங்கிலேய நடுவர் ஜார்ஜ் ரீடரிடம் போனார். அவர் பேசுவது இவருக்குப் புரியவில்லை, இவர் பேசுவது அவருக்குப் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று அங்கேயே நின்றார். கோல் ரத்தாகாது என்பது வரேலாவுக்கு நன்றாகத் தெரியும். கொண்டாடிக்கொண்டிருந்த கூட்டம் அதை மறந்து அவரைப் பார்த்துக் கத்தவும் சீட்டியடிக்கவும் தொடங்கியது. அவருக்கு வேண்டியதும் அதுதான். பிரேசிலின் வேகம் ஆறியது. உருகுவேயின் மற்ற பத்துப் பேருக்கும் மூச்சுவிட அவகாசம் கிடைத்தது. கூட்டத்தின் கோபம் முழுவதும் ஒரே ஆளின் மேல் இறங்கியதால் மற்றவர்கள் மேல் இருந்த பாரம் குறைந்தது.

66ஆவது நிமிடம் ஷியாஃபினோ சமன் செய்தார். 79ஆவது நிமிடம் கிஜியா வெற்றிக் கோலை அடித்தார். அந்த அணியின் திறமைசாலிகள் யார் என்று கேட்டால் எவரும் இந்த இருவரின் பெயரைத்தான் சொல்வார்கள், அதில் தவறும் இல்லை. வரேலா முப்பத்திரண்டு வயதான சென்டர் ஹாஃப். ஆனால் ஷியாஃபினோவும் கிஜியாவும் தங்கள் திறமையைக் காட்டும் அளவுக்கு ஆட்டம் மிச்சமிருந்தது அவரால்தான். அந்த அதிகாரம் அவருக்கு அன்று காலையில் வந்ததல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் உருகுவே ஆட்டக்காரர்கள் தங்கள் உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தபோது முன்னணியில் நின்றவர்களில் அவரும் ஒருவர். தமக்காக இழக்கத் துணிந்த மனிதர் என்று தெரிந்ததால்தான் அவர் நிதானமாக நடந்தபோது மற்றவர்களும் நிதானப்பட்டார்கள். வென்ற அன்றிரவு அவர் ரியோவின் மதுக்கடைகளில், தோல்வியால் உடைந்துபோயிருந்த பிரேசில்காரர்களோடு உட்கார்ந்திருந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எதிரணியின் துக்கமும் கண்ணில் படுகிற ஒருவருக்குத் தன் அணியில் யார் வாடியிருக்கிறார்கள் என்பது தெரியாமல் போகாது.

எழுபத்தோரு ஆண்டுகள் கழித்து கோபன்ஹேகனில் நடந்தது இதைவிடக் கடினமான சோதனை. 2021 ஜூன் 12, ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க்கும் ஃபின்லாந்தும் மோதிய ஆட்டத்தின் 43ஆவது நிமிடம். டென்மார்க்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமலே சரிந்து விழுந்தார். இதயம் நின்றுபோயிருந்தது. கேப்டன் சிமோன் கியேர் ஓடிச் சென்று அவரைப் பக்கவாட்டில் கிடத்த உதவினார். மருத்துவர்கள் வந்ததும் விலகி, அணியினரைக் கூப்பிட்டு எரிக்சனைச் சுற்றி வளையமாக நிற்க வைத்தார். நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும் அந்த நிமிடங்கள் கேமராக்களுக்குக் காட்சிப் பொருளாகாதபடி அவர்கள் முதுகைக் காட்டி நின்றார்கள். பலர் அழுதுகொண்டிருந்தார்கள். எரிக்சனின் துணைவி மைதானத்துக்குள் வந்தபோது கியேரும் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேலும் போய் அவரைத் தேற்றினார்கள்.

இந்தச் செயல்களில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் உயிர், அடுத்து மானம், அதற்கடுத்துக் குடும்பம். யோசிக்க நேரமில்லாத அந்தக் கணத்தில் இந்த வரிசை ஒருவருக்குத் தானாக வருகிறதென்றால், தன்னைச் சுற்றியுள்ளவர்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்துப் பழகியவர் அவர் என்று அர்த்தம். எரிக்சன் நினைவுடன் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு அன்றே ஆட்டம் தொடர்ந்தது. கியேரால் முடியவில்லை, 63ஆவது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். டென்மார்க் 0-1 எனத் தோற்றது. தாங்க முடியாததை மறைத்துக்கொண்டு வீரம் காட்டாமல் வெளியேறியதையும் தலைமையின் கணக்கிலேயே நாம் வைக்கிறோம். அந்த அணி பிறகு அரையிறுதி வரை போனது.

அணியோடு நிற்பதுதான் தலைமை என்றால் பிரான்ஸ் கேப்டன் பாத்ரிஸ் எவ்ராவும் தலைவர்தானே என்று கேட்கலாம். 2010 உலகக் கோப்பையில் மெக்சிகோவிடம் தோற்ற ஆட்டத்தின் இடைவேளையில் பயிற்சியாளர் டொமெனெக்கைத் திட்டியதற்காக நிக்கோலா அனெல்காவைப் பிரான்ஸ் வீட்டுக்கு அனுப்பியது. ஜூன் 20 அன்று தென்னாப்பிரிக்காவின் நைஸ்னாவில் ரசிகர்கள் கண்ணெதிரே ஆட்டக்காரர்கள் பயிற்சியைப் புறக்கணித்துப் பேருந்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களுடைய அறிக்கையைப் பத்திரிகையாளர்களுக்குப் படித்துக் காட்டியவரே டொமெனெக். கடைசி ஆட்டத்திலும் தோற்று, பிரிவில் கடைசி இடத்தோடு பிரான்ஸ் ஊர் திரும்பியது. கேப்டன் எவ்ரா உலகின் சிறந்த இடது பின்கள ஆட்டக்காரர்களில் ஒருவர், மான்செஸ்டர் யுனைடெட் அணியோடு சாம்பியன்ஸ் லீக் வென்றவர். பிளவுபட்டுக் கிடந்த அந்த அணியின் கோபத்தை அவர் அப்படியே சுமந்துகொண்டு முன்னால் நடந்தார். அந்த அணியில் யாராவது ஒருவர் எழுந்து, நியாயம் நம் பக்கம் இருந்தாலும் இப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லும் பொறுப்பு பட்டை அணிந்தவருடையது. கூட்டத்தின் விருப்பத்தை எதிரொலிப்பதற்குக் கேப்டன் எதற்கு?

நம் வாதத்துக்கு வலுவான மறுப்பு அர்ஜென்டினாவிலிருந்து வருகிறது. 1978 கோப்பையை உயர்த்திய பசரெல்லா இருக்கும்போதே பயிற்சியாளர் பிலார்டோ பட்டையை மரடோனாவிடம் கொடுத்தார். 1986இல் உலகக் கோப்பை வந்தது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரே தலைவராகவும் இருக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. திறமை தலைமைக்கு எதிரி என்று நாம் சொல்லவும் இல்லை. களத்தில் மதிப்பில்லாத ஒருவரின் சொல் உடைமாற்றும் அறையில் எடுபடாது. திறமை இருக்கிறது என்பதாலேயே தலைமையும் உடன் வந்துவிடும் என்று எண்ணுவதைத்தான் எதிர்க்கிறோம். அப்படி வந்துவிடாது என்பதற்கு மெஸ்ஸியே உதாரணம். 2011இல் அவர் கேப்டனானார். 2016 கோப்பா அமெரிக்கா இறுதியில் சிலியிடம் தோற்றபோது பெனால்டியைத் தவறவிட்டு, இனி தேசிய அணிக்கு ஆடப்போவதில்லை என்றே அறிவித்தார். சில வாரங்களில் மனம் மாறினார். தலைவனுக்கான ஆளுமை அவரிடம் இல்லை என்று மரடோனாவே பீலேயிடம் சொன்னது அந்த ஆண்டுதான்.

2022 கத்தாரில் நாம் கண்டது வேறொரு மனிதர். சவூதி அரேபியாவிடம் முதல் ஆட்டத்திலேயே 1-2 என்று தோற்றபோது ஒளிந்துகொள்ளாமல் வந்து, எங்களை நம்புங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார். நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியில் கடைசிப் பெனால்டியை லௌதாரோ மார்ட்டினஸ் அடித்ததும் அணி முழுவதும் அவரை நோக்கி ஓடியது. மெஸ்ஸி எதிர்ப்பக்கம் போனார். இரண்டு பெனால்டிகளைத் தடுத்துவிட்டுத் தனியாகத் தரையில் கிடந்த கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினஸிடம் போனார். பந்தோடு மெஸ்ஸி செய்தவை இருபது வயதிலேயே அவரிடம் இருந்தன. இந்தப் பார்வை வர இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் பட்டை அவருக்கு எத்தனை சுமையாக இருந்தது என்பதை 2016இல் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்டக்காரருக்கும் இழப்பு என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

பட்டையை விட்டுக்கொடுக்கத் தெரிவதும் தலைமையில் சேரும். 2011 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் வென்றபோது பார்சிலோனா கேப்டன் கார்லஸ் புயோல், இரண்டு மாதங்களுக்கு முன் கல்லீரல் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த எரிக் அபிதாலின் கையில் பட்டையை மாட்டி, கோப்பையை அவரையே வாங்கச் செய்தார்.

ஐவரி கோஸ்ட்டின் திதியே ட்ரோக்பாவைப் பற்றிச் சற்று எச்சரிக்கையோடு பேச வேண்டும். 2005 அக்டோபர் 8 அன்று சூடானை வென்று ஐவரி கோஸ்ட் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. நாடு உள்நாட்டுப் போரில் இரண்டுபட்டுக் கிடந்தது. உடைமாற்றும் அறைக்குள் தொலைக்காட்சிக் கேமரா வந்தபோது ட்ரோக்பா மைக்கை வாங்கி, அணியினர் சூழ மண்டியிட்டு, ஆயுதங்களைக் கீழே போடுங்கள் என்று மன்றாடினார். 2007 ஜூனில் கிளர்ச்சியாளர்களின் தலைநகரான புவாக்கேயில் மடகாஸ்கருக்கு எதிரான ஆட்டம் நடக்க அவரே காரணமாக இருந்தார். 5-0 என வென்றார்கள். ஒரு கால்பந்து ஆட்டக்காரர் போரை நிறுத்தினார் என்று எழுதுவது மிகை. அமைதி ஒப்பந்தம் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கையெழுத்தாகியிருந்தது. 2010 தேர்தலுக்குப் பின் மீண்டும் ரத்தம் சிந்தியது. ஆனால் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி கையில் இருந்த அந்த நிமிடத்தில், தன்னைப் பற்றிப் பேசாமல் நாட்டைப் பற்றிப் பேசத் தோன்றியதே, அது எந்தக் கோலுக்கும் குறைந்ததல்ல.

நம் நாட்டிலும் அப்படி ஒரு தருணம் உண்டு. 2018 ஜூன் 1 அன்று மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என வென்றது. கேப்டன் சுனில் செத்ரி மூன்று கோல் அடித்தார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். அடுத்த நாள் அவர் ஒரு வீடியோ வெளியிட்டார். திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து அதைச் செய்யுங்கள் என்று கைகூப்பிக் கேட்டார். ஜூன் 4 அன்று கென்யாவுக்கு எதிராக அவர் ஆடிய நூறாவது ஆட்டத்துக்கு டிக்கெட் முழுவதும் விற்றுப்போனது. மூன்று கோல் அடித்தவர் மறுநாள் மற்ற இருபது பேருக்காகக் கையேந்துவது எளிதல்ல. 2024 ஜூனில் அவர் ஓய்வு பெற்றபோது, அவருடைய 94 கோல்களை இனி யார் அடிப்பார்கள் என்றே எங்கும் விவாதம். அடுத்த ஆண்டே, நாற்பது வயதில், அவரைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அந்த வீடியோவை இனி யார் வெளியிடுவார்கள் என்ற கேள்வியை இந்தியக் கால்பந்தில் யாரும் எழுப்பவில்லை. அதுதான் நம் கவலை.

விதிப் புத்தகம் இதில் தெளிவாகவே இருக்கிறது. கேப்டனுக்கு எந்தச் சிறப்புச் சலுகையும் கிடையாது, அணியின் நடத்தைக்கு அவருக்குப் பொறுப்பு உண்டு என்கிறது மூன்றாவது விதி. 2024 முதல் பல போட்டிகளில் கடைப்பிடிக்கப்படும் நெறிமுறையின்படி, சர்ச்சையான முடிவு குறித்து நடுவரிடம் போய்ப் பேசக் கேப்டன் ஒருவருக்கே அனுமதி. சூழ்ந்துகொண்டு கத்துகிற மற்றவர்களுக்கு மஞ்சள் அட்டை. முணுக்கென்று கோபம் வரும் நட்சத்திரத்திடம் பட்டை இருந்தால், அணி தன் ஒரே குரலையும் இழந்துவிடும்.

வியாசர்பாடித் திடல்களிலும் தூத்தூர்க் கடற்கரை ஊர்களிலும் பந்து உதைத்து வளரும் பிள்ளைகளின் பயிற்சியாளர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். கோல் வாங்கியதும் மற்றவர்கள் யார் முகத்தைப் பார்க்கிறார்கள், பெனால்டி தவறவிட்டவனிடம் முதலில் போவது யார், மாற்று ஆட்டக்காரராகவே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது யார் என்று கவனியுங்கள். பட்டை கிடைக்காத நட்சத்திரத்திடம் அதற்கான காரணத்தை நேரில் சொல்லுங்கள். பயிற்சியாளர் உரிமப் படிப்புகளில் இதைக் கற்றுத்தர அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனமும் மாநிலச் சங்கமும் நேரம் ஒதுக்க வேண்டும். சீசனின் முதல் ஐந்தாறு ஆட்டங்களுக்கு நிரந்தரக் கேப்டனை அறிவிக்காமல், ஆட்டத்துக்கு ஒருவராகப் பட்டையை மாற்றி மாற்றி அணியச் செய்யுங்கள். அதன் பிறகு அணியிலுள்ள எல்லோரும் ஆளுக்கொரு பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். அந்தச் சீட்டுகளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.