கணக்கைக் காட்டு!

இலஞ்சத்தை ஒழிப்போம் என்று சூளுரைக்காத கட்சி இந்நாட்டில் இல்லை. ஊழலைக் கண்டிக்காத தலைவரும் இல்லை. மேடைக்கு மேடை முழக்கம், தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி! ஆயினும் ஊழல் ஒழிந்தபாடில்லை. ஏன்? கள்ளனைப் பிடிப்பேன் என்று கூவுவோரில் பலர், கணக்கேட்டைக் காட்டு என்று கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அந்த ஏட்டைத் திறக்க வைத்தவர்கள் யார்? பட்டம் பெற்ற பண்டிதர்களா? பாராளுமன்றத்துப் பெருமக்களா? இல்லை, தோழர்களே! மண்வெட்டி பிடித்த கூலிக்காரர்கள். அவர்கள் போராடிப் பெற்ற உரிமையை இன்று டில்லி கொஞ்சங் கொஞ்சமாக அரித்து வருகிறது. அதனால்தான் அந்த வரலாற்றை நாம் எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது.

இராஜஸ்தானம் வறண்ட பூமி. மழை பொய்த்தால் சர்க்கார் பஞ்ச நிவாரண வேலை நடத்தும். சாலை போடுவார்கள், குளம் வெட்டுவார்கள். சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி ஒன்று. உழைத்தவன் கையில் விழுந்தது வேறொன்று. ஏன் குறைகிறது என்று கேட்டால், "அளவுப்படி நீங்கள் வேலை செய்யவில்லை, ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்கள். சரி, அந்த ஏட்டைக் காட்டுங்கள் என்றதற்கு வந்த பதில் என்ன தெரியுமா? அது அரசாங்க இரகசியமாம்! வெள்ளைக்காரன் 1923இல் செய்து வைத்துப் போன இரகசியச் சட்டத்தின் நிழல், 1980-களின் இறுதியிலும் கூலி ஏட்டின் மீது விழுந்து கிடந்தது. குளம் வெட்டிய குப்பனுக்கு எத்தனை ரூபாய் கொடுத்தார்கள் என்பது, பகைவர் அறியக் கூடாத படை இரகசியமா?

1990 மே முதல் நாளன்று அங்கே உழவரும் தொழிலாளரும் கூடி ஒரு சங்கம் கண்டார்கள்: மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன். அவர்களோடு நின்றவர்களில் ஒருவர் அருணா ராய். சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தை உதறிவிட்டு, தேவ்துங்ரி என்னும் சிற்றூரில் மண்வீட்டில் குடியேறியவர். ஆனால் போரின் முனையில் நின்றவர்கள் கூலிக்காரர்களே. அவர்களில் பெண்கள் ஏராளம்.

1994 டிசம்பரில், கோட் கிரானா என்ற ஊரில் மக்கள் விசாரணை கூட்டினார்கள். எப்படியோ கைக்கு எட்டிய கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள், பெயர் பெயராக! வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. கட்டி முடித்ததாக ஏட்டில் இருந்த கட்டடம் கூரையில்லாமல் நின்றது. அந்த ஏட்டைப் பொய் என்று காட்ட வழக்கறிஞர் தேவைப்படவில்லை. தணிக்கை நிபுணர் தேவைப்படவில்லை. பெயருக்குரியவன் எழுந்து நின்று, "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே" என்றான். போதாதா? பல நாள் எழுதி வைத்த பொய் ஒரு நொடியில் சரிந்தது!

ஏட்டின் நகலைப் பெறும் உரிமை தருவதாக, 1995 ஏப்ரலில் அம்மாநிலச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத் உறுதி கூறினார். ஓராண்டு ஓடியது, உறுதி உறங்கியது. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் மக்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். நாற்பது நாள்! ஊர்கள் தானியம் கொடுத்தன, நகரத்தார் கைகொடுத்தனர். "நமது பணம், நமது கணக்கு" என்ற முழக்கம் அங்கிருந்து நாடெங்கும் பரவியது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. தகவல் உரிமைக்கென முதன்முதலில் சட்டம் செய்த மாநிலம் தமிழ்நாடு: ஆண்டு 1997, முதல்வர் கலைஞர். அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகள் மிகுதி என்று அன்றே குறை சொன்னவர்கள் உண்டு. ஆனாலும் கதவு என்று ஒன்று வைத்தது தமிழ்நாடு. 2005 அக்டோபர் 12 முதல் அனைத்திந்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

2011ஐயும் எண்ணிப் பாருங்கள். டில்லியில் உண்ணாவிரதம், தொலைக்காட்சியில் இரவு பகலாக ஆரவாரம், லோக்பால் வந்தால் ஊழல் ஓடிவிடும் என்றார்கள். சட்டம் 2013இல் நிறைவேறியது. முதல் லோக்பால் நியமிக்கப்பட்டது எப்போது? 2019 மார்ச்சில்! மேலே ஒருவரை உட்கார வைத்து, அவர் நம்மைக் காப்பார் என்று காத்திருந்தவர்கள் காத்தே கிடந்தார்கள். கீழே இருந்து கணக்குக் கேட்டவர்களோ, அதற்குள் இலட்சக்கணக்கில் மனுப் போட்டு ஏடுகளைப் புரட்டிவிட்டார்கள்.

அந்தக் கேள்விதான் டில்லிக்குக் கசக்கிறது. 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஐந்தாண்டு என்று உறுதியாயிருந்த தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும், அவர்களது ஊதியத்தையும் மத்திய அரசே வரையறுக்கும் என்றார்கள். பின்னர் மூன்றாண்டாகக் குறைத்தார்கள். எசமானனின் பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டியவனுக்கு எசமானனே படியளந்தால், பெட்டி திறக்குமா?

அடுத்து 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் வழியாகத் தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை வெட்டினார்கள். 2025 நவம்பரில் அந்த வெட்டு அமலுக்கு வந்தது. முன்பு, பொதுப்பணியோடு தொடர்பற்ற சொந்த விவரங்களுக்கே அந்தப் பிரிவில் திரை; பொதுநலன் கோரினால் அத்திரையும் விலகும். இப்போது "தனிநபர் தகவல்" என்ற ஒரே சொல்லால் முழுத் திரை!

அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017இல் உச்சநீதிமன்றமே சொன்னதே என்பார்கள். சொன்னது; நாம் மறுக்கவில்லை. ஏழையின் நோயும் குடும்பமும் ஊராருக்குக் காட்சிப் பொருளாகக் கூடாது. ஆனால் பொதுப்பணத்தில் கூலி வாங்கியவன் யார், குத்தகை எடுத்தவன் யார், அளந்து கையெழுத்திட்ட அதிகாரி யார் என்பது அந்தரங்கமா? பொதுநலன் கருதித் தகவல் தர 8(2) பிரிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதிகாரியின் மனமிரங்கலை நம்பி! கோட் கிரானாவில் திருட்டைக் காட்டிக் கொடுத்தது எது? பெயர். பெயரை அழித்துவிட்டுப் பட்டியலைக் கொடுத்தால், யார் எழுந்து நின்று பொய் என்று சொல்வது?

பெயரை மறைப்பது இவர்களுக்குப் புதிதல்ல. 2018இல் தொடங்கிய தேர்தல் பத்திரம், கொடுத்தவர் பெயரை வாக்காளரிடமிருந்து மறைத்தது. அதில் ஆகப் பெரும் பங்கு பா.ஜ.க.வுக்குப் போயிற்று, வேறு பல கட்சிகளும் பெற்றன. வெளிச்சம் எல்லாக் கட்சிக்கும் பொது என்பதே நம் நிலை. 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் அத்திட்டத்தைச் செல்லாதென்றது. விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது ஸ்டேட் வங்கி. மார்ச் 11இல் நீதிமன்றம் மறுத்தது. மறுநாளே விவரம் வந்து நின்றது! மாதக்கணக்கில் ஆகும் என்ற வேலை ஒரே நாளில் முடிந்த விந்தையைப் பாரீர்!

கேட்பவனுக்கோ காவலில்லை. கீர் காட்டையொட்டிய கள்ளச் சுரங்கங்களைத் தோண்டித் துருவிய அமித் ஜேத்வா, 2010 ஜூலையில் குஜராத் உயர்நீதிமன்றத்துக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஊழலை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014இல் ஒப்புதல் பெற்றது. பத்தாண்டு கழிந்தும் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. கேட்பவன் உயிருக்குக் கவசமில்லை. கொள்ளையடிப்பவன் பெயருக்கு முக்காடு!

ஆகவே, தோழர்களே, வெட்டியது போக மிஞ்சியிருக்கும் உரிமையைத் துருப்பிடிக்க விடாதீர். வெள்ளைத் தாளில் மனு. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை. முப்பது நாளில் பதில். காரணமின்றித் தாமதித்தால் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 ரூபாய் வரை தண்டம். மே முதல் நாள் கிராமசபை கூடும். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர், பத்துப் பேராகப் போங்கள்.

கோட்டையில் எந்தக் கொடி பறந்தாலும் கேளுங்கள். ஊராட்சித் தலைவர் நம் தோழராக இருந்தாலும் கேளுங்கள்; நேர்மையானவர் மகிழ்ந்து காட்டுவார். காட்ட அஞ்சுகிறவர் நம்மவரல்லர். பணம் நம்முடையது, கணக்கும் நம்முடையதே!