உள்துறை அமைச்சருக்கு ராதாபுரத்திலிருந்து ஒரு மனு

மாண்புமிகு ஒன்றிய உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

ராதாபுரம் தாலுகா அலுவலகத்தை அண்டி, மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை எல்லாவற்றுக்கும் எழுதுகிறேன். ஒரே ஒரு மனுவை மட்டும் எப்படி எழுதினாலும் வாங்க ஆளில்லை. அதைப் பார்த்தவுடன் "இது மேல இருந்து வரணும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மேலே, மேலே என்று போனால் கடைசியில் நாற்காலியில் இருப்பது நீங்கள். அதனால் இடையில் யாரையும் தொந்தரவு செய்யாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

எங்கள் தாலுகாவில் சமூகரெங்கபுரத்திலும் பழவூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததிலிருந்து அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர். ஊர் வாயில் இன்னும் 'கேம்ப்'தான். வள்ளியூர், பணகுடி, கூடங்குளம் என்று இந்தப் பக்கத்தில் எழும்பிய வீடுகளில் பாதிக்குப் பெயின்ட் அடித்தது கேம்ப் ஆட்கள்தான் என்றால் கொத்தனார்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், ஒரே மினி பஸ்ஸில் நெருக்கியடித்துப் போகிறார்கள். முப்பது நாற்பது வருஷம் இப்படி இருந்தால் நடக்க வேண்டியது நடக்கும். கல்யாணம் நடந்தது. ஊர்க்காரன் கேம்ப் பெண்ணைக் கட்டினான். ஊர்ப் பெண் கேம்ப் பையனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் முதலில் முறுக்கிக்கொண்டு, முதல் பேரப்பிள்ளை பிறந்ததும் இறங்கி வந்தார்கள்.

இறங்கி வராதது சட்டம் மட்டும்தான்.

குடியுரிமைச் சட்டத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அதன் 5(1)(சி) பிரிவு, இந்தியக் குடிமக்களை மணந்து ஏழு ஆண்டு இங்கே குடியிருந்தவர் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்கிறது. 1955-ல் இந்த வழி மனைவிகளுக்கு மட்டும் இருந்தது. 1986-ல் கணவர்களுக்கும் திறந்துவிட்டு, ஐந்து ஆண்டு குடியிருக்க வேண்டும் என்றார்கள். 2003-ல் அதை ஏழாக்கினார்கள். ஐந்து ஏழானதில் எங்களுக்கு வருத்தமில்லை. அதே திருத்தத்தில் 'சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவர்' என்றொரு நிபந்தனையைச் சேர்த்தார்கள். அது 2004 டிசம்பர் 3-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்த வெளிநாட்டவர் எல்லாரும் அந்த நிபந்தனையில் அடிபட்டுப் போகிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகும் 1990-லும் 1996-லும் 2006-லும் குண்டுக்குத் தப்பிப் படகேறி ராமேஸ்வரம் கரையில் இறங்கியவர்கள், வரும் வழியில் பாஸ்போர்ட் அலுவலகத்தில் வரிசையில் நின்றுவிட்டு வந்திருக்க முடியுமா?

ஒரு வீட்டைச் சொல்கிறேன். கற்பனை வீடுதான். ஆனால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதாக இருக்காது. அம்மா மன்னாரில் பிறந்து 1990-ல் எட்டு வயதில் படகில் வந்தவள். அப்பா காவல்கிணறு பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர். 2002-ல் கல்யாணம். மூத்தவன் 2004 மார்ச்சில் பிறந்தான், இளையவள் 2006-ல். இரண்டு பிரசவமும் ஒரே அரசு மருத்துவமனையில்.

மூத்தவன் இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1-க்கும் 2004 டிசம்பர் 3-க்கும் இடையில் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தால் ஒருவர் குடிமகனாக இருப்பதோடு, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும். ஆகவே இளையவள் குடிமகள் இல்லை. அண்ணன் இந்தியன், தங்கை எந்த நாட்டுக்காரி என்பதற்கு யாரிடமும் பதில் கிடையாது. இந்த மனுவில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பத்தியை இரண்டு தரம் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நடைமுறையில் அந்தப் பெண்ணுக்கு ஆதார் இருக்கும். அப்பாவின் ரேஷன் அட்டையில் பேர் இருக்கும். யாரும் தோண்டிக் கேட்காததால் வாக்காளர் அட்டைகூட வந்திருக்கலாம். ஆனால் கேட்கிற நாள் ஒன்று வரும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான விதிகளைப் பாருங்கள்: 2004 டிசம்பர் 2-க்குப் பிறகு பிறந்தவர் தன் ஆவணத்தோடு தாய், தந்தை இருவரின் ஆவணத்தையும் காட்ட வேண்டும். அம்மாவிடம் இருப்பது முகாம் அடையாள அட்டை. அதைக் காட்டினால் வம்பு, காட்டாவிட்டாலும் வம்பு. பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வரும்போதும் இதே கதைதான். இத்தனைக்கும் இது 2016 சட்டமன்றத் தேர்தலில் வெற்றி தோல்வி 49 ஓட்டில் நின்று, தபால் ஓட்டை எண்ணியது சரியா என்று உச்ச நீதிமன்றம் வரை போன தொகுதி. ஒரு ஓட்டின் அருமையை ராதாபுரத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தால், இருக்கிறது என்பார்கள்: இலங்கைக்குத் திரும்பிப் போய் அந்நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்து, இந்திய விசா வாங்கி, முறைப்படி வந்து, ஏழு வருஷக் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாஸ்போர்ட் கைக்கு வரலாம். விசா வரும் என்பதற்கு என்ன உறுதி? போய் இறங்கும் இடத்திலும் நிம்மதி இல்லை. 2025 மே மாதம் இந்தியாவிலிருந்து திரும்பிப் பலாலி விமான நிலையத்தில் இறங்கிய ஒரு முதியவரை, அந்தக் காலத்தில் முறையின்றி நாட்டைவிட்டுப் போனதற்காக அங்கே கைது செய்தார்கள். எட்டு வயதில் வந்தவளை, இரண்டு பிள்ளைகளையும் புருஷனையும் விட்டுவிட்டு, யாரையும் தெரியாத மன்னாருக்குப் போய்ப் பாஸ்போர்ட் எடுத்து வா என்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கலாம்.

அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் உண்டு. முறையான அனுமதியில்லாமல் எல்லை தாண்டி வந்தவர் அமெரிக்கக் குடிமகளைக் கட்டினாலும், பொதுவாக உள்ளே இருந்தபடியே நிரந்தர வசிப்புரிமை வாங்க முடியாது. வெளியே போய்த்தான் விசா எடுக்க வேண்டும். போனால் மூன்று வருஷமோ பத்து வருஷமோ திரும்பி வரத் தடை. அந்தத் தடைக்கான விலக்கை, நாட்டைவிட்டுப் போகுமுன்பே குடும்பத்தோடு இருந்துகொண்டு கேட்கலாம் என்று 2013-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். குடியேற்ற விஷயத்தில் அவர்கள் ஒன்றும் தயவுதாட்சண்யம் பார்க்கிறவர்கள் இல்லை. இருந்தும் அந்த அளவுக்கு யோசித்தார்கள்.

நம் சட்டத்திலேயே இன்னொரு கதவும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குப் போய் அந்நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிய குடும்பத்துப் பெண் ஒருத்தி எங்கள் ஊர்ப் பையனைக் கட்டினால், திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு ஆனதும், பாதுகாப்பு அனுமதிக்கு உட்பட்டு, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகள் அட்டைக்கு மனுப் போடலாம். அவளுடைய பெரியப்பா மகள் சமூகரெங்கபுரம் முகாமில் வளர்ந்து, அந்தப் பையனின் தம்பியைக் கட்டியிருந்தால் அவளுக்கு ஒன்றும் கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள். கனடாக்காரி கொடுத்துவைத்தவள், சந்தோஷம். தொலைவில் இருந்தவளுக்குக் கிடைப்பது, நாற்பது வருஷமாகக் கண்ணெதிரே இருப்பவளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்றுதான் கேட்கிறேன்.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் நீங்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு சமயத்தவரை இனிச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக்கூடாது என்றது அது. 2024 மார்ச்சில் வந்த அதன் விதிகளில், இந்தியரை மணந்தவருக்கென்று படிவம் 3ஏ என ஒன்று தனியாகவே இருக்கிறது. மனு எழுதுகிறவன் என்ற முறையில் நல்ல படிவத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமை வரும். அந்தச் சட்டம் சரியா, சமயம் பார்த்துப் பிரித்தது முறையா என்ற பெரிய வழக்கை இங்கே பேசப்போவதில்லை. அதில் எனக்கு உங்களோடு உடன்பாடு இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். இப்போது என் அக்கறை அந்தச் சட்டம் எந்த வழியாக வந்தது என்பதில்.

அது ஒரே நாளில் வரவில்லை. 2015 செப்டம்பரில் உங்கள் அமைச்சகம் முதலில் ஓர் அறிவிக்கை போட்டு, பாகிஸ்தானிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த அந்தச் சமூகத்தினருக்குப் பாஸ்போர்ட், வெளிநாட்டவர் விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. 2016-ல் ஆப்கானிஸ்தானைச் சேர்த்தது. அப்படி விலக்குப் பெற்றவர் சட்டவிரோதக் குடியேறி ஆகமாட்டார் என்று 2019-ல் சட்டத்தில் எழுதினீர்கள். முதலில் விலக்கு, பிறகு குடியுரிமை.

இலங்கைத் தமிழருக்கு முதல் படி போட்டாகிவிட்டது. 2025-ன் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்து உங்கள் அமைச்சகமே ஆணை போட்டது. 2019 சட்டம் அந்த மூன்று நாட்டுக்காரர்களுக்கு வைத்த கடைசித் தேதிக்கும் இதற்கும் ஒன்பது நாள்தான் வித்தியாசம். பாஸ்போர்ட் இல்லை என்பதற்காக இனி இவர்களைத் தண்டிக்கமாட்டோம் என்று சொன்ன பிறகு, பாஸ்போர்ட் இல்லை என்பதற்காகக் குடியுரிமை மனுவையும் வாங்கமாட்டோம் என்பது எந்தக் கணக்கு? இரண்டாவது படியையும் போடுங்கள் என்பதே என் மனுவின் சாரம். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் முடியாதென்றால், இந்தியரை மணந்தவர்களிலிருந்தும் அவர்கள் பிள்ளைகளிலிருந்தும் தொடங்குங்கள்.

இவர்களுக்கு முன்பே குடியுரிமை கொடுத்தாயிற்றே என்று யாராவது குறிப்பு எழுதினால் நம்பாதீர்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. அது கப்பலில் வந்தவர்கள் கதை. 1984-ல் தலைமன்னார் கப்பல் நின்றுபோனதால் வர வேண்டியவர்கள் எல்லாரும் வந்து முடியவும் இல்லை. முகாம்களில் இருப்பவர்களில் அந்த மலையக வம்சத்தாரும் உண்டு.

நாட்டுப் பாதுகாப்பு என்று சொல்வீர்கள். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை எங்கள் ஜனங்களும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் முகாம்களைப் பார்க்கும் பார்வையே மாறியது. ஆனால் இந்த நாட்டில் முகாம்காரரைப் போல் அரசுக்குத் தெரிந்த ஆட்கள் வேறு யார் இருக்கிறார்கள்? எண்ணிக்கை எடுக்க வருவாய்த் துறை வருகிறது. விசாரிக்கப் போலீஸின் கியூ பிராஞ்ச் வருகிறது. யார் எந்த வீட்டில் இருக்கிறார், யாருக்கு எத்தனை பிள்ளை என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. 2021-ல் அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்கில் 108 முகாம்களில் 58,822 பேர், வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்பவர் 34,087 பேர் என்று ஒற்றை இலக்கம் வரை துல்லியமாக இருந்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் பணக்கொடை தருகிறீர்கள். இடிந்த குடிசைகளை எடுத்துவிட்டு 7,469 வீடு கட்டித்தரத் திட்டம் போட்டாயிற்று. மாதாமாதம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கிற ஆளைச் சட்டவிரோதி என்று அழைக்கும் அரசு வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. கல்யாணம் நிஜமா, காகிதத்துக்காகவா என்ற சந்தேகத்துக்கும் அந்தப் பதிவேடே போதும்.

முகாமிலேயே பிறந்தவர்கள் விஷயம் இன்னும் விசித்திரம். சட்டம் 'இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர்' என்கிறது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பிறந்த பெண் எந்த எல்லை வழியாக நுழைந்தாள்? 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலைக்கு முன் பிறந்ததால் தான் இந்தியரே என்று வாதாடி, 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆணை வாங்கிப் பாஸ்போர்ட் எடுத்தார். 2024 ஏப்ரலில் திருச்சியில் ஓட்டும் போட்டார். ஒன்றிரண்டு வருஷம் தாமதமாகப் பிறந்திருந்தால் அவரும் எங்கள் பக்கத்துப் பெண்களோடு தாலுகா அலுவலக மரத்தடியில் நின்றுகொண்டிருப்பார்.

சட்டத் திருத்தம் என்றால் நாளாகும், எனக்கும் தெரியும். அதுவரைக்கும் ஒரு சுற்றறிக்கை போதும். 5-ம் பிரிவின்படியான மனு மாவட்ட ஆட்சியர் வழியாக மாநில அரசுக்கும் அங்கிருந்து உங்களுக்கும் வர வேண்டும். 2019 ஜூன் 17-ல் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், முகாம்வாசிகள் தொடுத்த வழக்கில், அவர்கள் மனுக்களை ஆட்சியர்கள் வாங்கி மேலே அனுப்ப வேண்டும் என்றும், விதியைத் தளர்த்தி முடிவெடுக்கும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு உண்டு என்றும் தீர்ப்பெழுதினார். அதையே எல்லா ஆட்சியர்களுக்கும் உத்தரவாக அனுப்புங்கள். மனுவை வாங்கி, வந்த தேதி போட்டு ரசீது கொடுக்கட்டும். முடிவு என்னவானாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தள்ளுபடி என்றாலும் எழுத்தில் வந்தால் அதை வைத்து நீதிமன்றம் போகலாம். வாங்காத மனுவை வைத்து எங்கே போவது?

திருமணச் சான்று இருக்கிறது. கணவர் இந்தியர் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஏழு வருஷம் என்ன, முப்பது வருஷம் இங்கே குடியிருந்ததற்கு உங்கள் பதிவேடே சாட்சி. படிவம் 3-ல் நான் தடுக்கி விழுவது இரண்டு இடத்தில்தான்: வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எண் கேட்கும் இடம், வசிப்பு அனுமதி கேட்கும் இடம். அந்த இரண்டிலும் முகாம் பதிவு எண்ணை எழுதலாமா என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வரி பதில் போடச் சொல்லுங்கள். மீதியை நான் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனு எழுதுபவர்,
ராதாபுரம், திருநெல்வேலி மாவட்டம்