கடலுக்கும் ஒரு கலண்டர் உண்டு

என் சகோதரியின் மகன் கட்டாரில் தொழில் செய்கின்றான். ஒரு வருடம் பெப்ரவரி மாதத்தில் ஓர் இரவு தொலைபேசியில் பேசினான்.

“மாமா, ஜூலையில பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவு. பத்து நாள் ஊருக்கு வாறம். இந்த முறை வீட்டுக்குள்ளயே இருக்காம கடல், வாவி எல்லாம் சுத்திப் பார்க்கணும். என்ன பிளான் பண்ணலாம்?”

அதன் பின் கேள்விகளை அடுக்கினான். ஜூலையில் பாசிக்குடாக் கடல் அமைதியாக இருக்குமா? உம்மாவும் மனைவியும் ஒதுக்குப்புறமாக இருந்து காற்று வாங்க இடமுண்டா? வுழூச் செய்து தொழ வசதி எங்கே? ஆறு பேர் தங்குவதற்கு முழு வீடு ஒன்று நாள் வாடகைக்குக் கிடைக்குமா? வாவியில் படகுச் சவாரிக்கு எவ்வளவு? வெள்ளிக்கிழமை பகலில் எங்கே சாப்பிடலாம்?

முதல் கேள்விக்கு மட்டும் எனக்கு விடை தெரிந்திருந்தது. மற்றவை அனைத்துக்கும் “நீ வா மகன், வந்து பார்த்துக்கலாம்” என்றேன். மூன்று நாட்களின் பின் மீண்டும் பேசினான். “மாமா, தெற்குப் பக்கம் ஒரு இடத்தில விசாரிச்சன். அரை மணித்தியாலத்துக்குள்ள விலை, படம், சாப்பாட்டு விபரம் எல்லாம் அனுப்பிட்டாங்க. அட்வான்ஸ் கட்டிட்டன்” என்றான்.

ஜூலை என்பது தெற்குக் கடல் கொந்தளிக்கும் காலம். நல்ல கடல் எங்களிடம் இருந்தது. நல்ல பதில் அவர்களிடம் இருந்தது. பணம் பதில் சொன்னவரிடம் போய்ச் சேர்ந்தது. மருமகன் ஊருக்கு வந்தான், உறவுக்காரர் வீடுகளில் சாப்பிட்டான், தெற்குக்குப் புறப்பட்டுப் போனான். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி வர்த்தகர் எவருக்கும் அவனது பயணத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இச்சம்பவத்தை வைத்துத்தான் இவ்வாரம் எமது வர்த்தகர்களுடன் சற்றுப் பேச விரும்புகின்றேன். உல்லாசப் பயணி வந்திறங்கிய பின்னர் செலவு செய்கிறான் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கின்றோம். உண்மை அதுவல்ல. அவனது செலவில் பெரும்பகுதி, விமானம் ஏறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே, அவனது வீட்டில் வைத்தே தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது. அந்தத் திட்டத்தில் இடம்பெறாத ஊர், அவன் வாகனத்தில் கடந்து போகும் ஊர் மட்டுமே.

எமது பிள்ளைகள் சிறு வயதிலேயே மனனம் செய்யும் சூறாக்களுள் ஒன்று சூறா குறைஷ். மாரிகாலப் பயணம், கோடைகாலப் பயணம் என இரண்டு பயணங்களை அது குறிப்பிடுகின்றது. மாரியில் யெமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் சென்ற வர்த்தகர்கள் அவர்கள் என முபஸ்ஸிர்கள் விளக்கம் கூறியுள்ளனர். மக்காவில் விளைச்சல் இல்லை. ஆனால் எந்தப் பருவத்தில் எந்தத் திசையில் வியாபாரம் என்பதை அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். நாம் அந்த சூறாவைத் தொழுகையில் ஓதுகின்றோம். கடையில் அதைப் பற்றிச் சிந்திப்பதில்லை.

எமது பருவங்கள் எவை? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்கு, தெற்குக் கரைகளை அலைக்கழிக்கின்றது. அதே காலத்தில் கிழக்குக் கடல் குளம் போல் கிடக்கின்றது. நவம்பர் தொடக்கம் வடகீழ் பருவக்காற்று எங்கள் பக்கம் திரும்பி விடும். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியும், 2025 நவம்பர் இறுதியில் நாட்டை உலுக்கிய டித்வா சூறாவளியும் அந்தப் பருவத்தில் வந்தவையே. ஆக, ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான ஆறு மாதங்களே எமது உல்லாசப் பயணக் காலம். ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் பாடசாலை நீண்ட விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் அதற்குள்ளேயே அடங்குகின்றன. அல்ஹம்துலில்லாஹ், இது அல்லாஹ் எமக்குத் தந்த பங்கு.

காட்டுவதற்கும் குறைவில்லை. பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவு நீரில் நடந்து செல்லலாம். குழந்தைகளுடன் வருவோருக்கு அதைவிட என்ன வேண்டும்? மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கின்றது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய கோட்டை அதன் கரையில் நிற்கின்றது. வாவி முகத்துவாரத்தில் 1913ஆம் ஆண்டின் வெளிச்சவீடு உண்டு. பாடும் மீனின் ஓசையைக் கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவுகளில் கேட்கலாம் என்பார்கள். அதுவும் ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில்தான். காத்தான்குடிப் பிரதான வீதியின் பேரீச்ச மரங்களைப் படம் எடுக்காமல் போகும் வெளியூர்க்காரர் குறைவு. படம் எடுத்தபின் அவர் இறங்கி என்ன வாங்குகின்றார் என்பதே எமது கேள்வி.

2009இல் யுத்தம் முடிந்து, 2011 தொடக்கம் பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. ஓட்டமாவடியிலிருந்து அக்கடற்கரை பத்துக் கிலோமீற்றருக்குள். இருந்தும் எம்மவர்கள் ஏன் ஒதுங்கி நின்றார்கள்? துணிவில்லை, அனுபவமில்லை என்று பலரும் சொல்கின்றார்கள். நான் இன்னொரு காரணத்தையும் சொல்வேன். அது ஹிஜ்ரி கலண்டர்.

2011இல் ரமழான் ஆகஸ்ட் ஆரம்பத்தில் வந்தது. 2014இல் ஜூன் இறுதியில் வந்தது. அதாவது பயணிகள் வந்து குவியும் காலமும் எமது நோன்பும் ஒன்றாகவே அமைந்தன. பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். தொழிலாளர்கள் நோன்புடன் களைத்திருப்பார்கள். புடைவைக் கடைக்காரனான எனது பணம் முழுவதும் பெருநாள் சரக்கில் முடங்கியிருக்கும். அக்காலத்தில் நண்பர் ஒருவர் பாசிக்குடாப் பக்கம் சிறிய உணவகம் ஒன்றில் பங்கு சேருமாறு கேட்டார். கையில் முதல் இல்லாததால் மறுத்து விட்டேன். என்னைப் போல் மறுத்தவர்கள் எத்தனை பேரோ!

இன்று நிலைமை மாறியுள்ளது. ஹிஜ்ரி ஆண்டு வருடந்தோறும் பத்து, பதினொரு நாட்கள் முன்னோக்கி நகர்கின்றது. 2026இல் ரமழான் பெப்ரவரி மூன்றாம் வாரத்தில் அமைகின்றது. கணக்கின்படி 2030இல் ஜனவரி ஆரம்பத்திலும் டிசம்பர் இறுதியிலுமாக ஒரே ஆண்டில் இரண்டு ரமழான்கள் தொடங்கும். 2036 அளவில்தான் அது ஒக்டோபருக்கு வந்து சேரும். பிறை தென்படுவதைப் பொறுத்து ஒருநாள் கூடலாம், குறையலாம், கணக்கு மாறாது. எனவே இன்னும் பத்தாண்டுகளுக்கு நோன்பு எமது மாரி காலத்திலும், பயணக் காலம் எமது கோடையிலுமாகப் பிரிந்தே இருக்கும்.

வியாபாரி இதில் காண வேண்டியது ஒன்று. மாரியில் பெருநாள் சரக்கில் போட்ட முதல், பெருநாளுடன் திரும்பிக் கைக்கு வருகின்றது. அதே முதலை ஏப்ரல் தொடக்கம் பயணிகளுக்கான தொழிலில் இறக்கலாம். செப்டெம்பர் முடிய எடுத்து மீண்டும் சரக்குக்குப் போடலாம். ஒரே பணம் வருடத்தில் இரண்டு முறை சுழலும். இரண்டு பயணங்கள் என்பதன் கருத்தும் எமக்கு இதுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வருமானம் ஆறு மாதம், வாடகையும் தவணையும் பன்னிரண்டு மாதம் என்ற தொழிலில் யாரும் அகப்பட்டுக் கொள்ள வேண்டாம். 2018இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் மேல். கொரோனாவின் பின் 2021இல் அத்தொகை 2 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. 2024இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இப்படி ஏறி இறங்கும் தொழிலில் வட்டிக்குக் கடன் பட்டு மாடி கட்டுவது மார்க்கத்துக்கும் ஆகாது, கணக்குக்கும் ஆகாது. இருக்கும் வீட்டில் இரண்டு அறைகளுக்கு வெள்ளையடித்து, குளியலறையைத் திருத்தி, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் முறையாகப் பதிந்து தொடங்குங்கள். நட்டம் வந்தாலும் வீடு மிஞ்சும்.

“உல்லாசப் பயணம் என்றால் மதுவும் அரைகுறை ஆடையும்தானே, அது எமக்கெதற்கு?” என்று கேட்போர் உண்டு. அவர்களது கவலை நியாயமானது. மது விற்பது எமது தொழிலல்ல. அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆயினும் ஹலால் சாப்பாடு, தொழுகை வசதி, பெண்களுக்கு மறைவான இடம் ஆகியவற்றைத் தேடி அலையும் குடும்பங்கள் வளைகுடாவிலும் மாலைதீவிலும் மலேசியாவிலும், ஏன், கொழும்பிலும் கண்டியிலும் இருக்கின்றன. அவர்கள் கேட்பதை எமது ஊர்கள் தினமும் செய்து கொண்டிருக்கின்றன. அதற்கொரு விலை போட்டு, முன்கூட்டியே அறிவிக்கத்தான் நாம் பழகவில்லை.

சொல்வதற்குக் கசப்பான விடயம் ஒன்றும் இருக்கின்றது. 2019 ஏப்ரல் 21. மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படத் தாக்கப்பட்ட இடங்களில் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிக்கப்பட்டன. அதற்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்பதால், எப்பாவமும் அறியாத வர்த்தகர்களின் கடைகளும் நாடெங்கிலும் புறக்கணிக்கப்பட்டன. இன்று வெளிநாட்டில் ஒருவர் எமது ஊரின் பெயரைத் தேடிப் பார்த்தால் அந்தச் செய்திதான் முன்னே வருகின்றது. கூட்டம் போட்டு அறிக்கை விடுவதால் அது மறையாது. வந்து தங்கி, நிம்மதியாக உண்டு, ஏமாறாமல் திரும்பிய ஒரு குடும்பம் சொல்லும் வார்த்தைதான் மெல்ல மெல்ல அதை மாற்றும்.

அதற்குத் தனித்து நின்றும் பயனில்லை. பாசிக்குடாவிலும் கல்குடாவிலும் கல்லடியிலும் தமிழ் மக்கள் வாழ்கின்றார்கள். படகுகள் அவர்களிடமும் உள்ளன. எழுவான்கரையில் சூரியன் எழுவதையும் படுவான்கரையில் அது மறைவதையும் ஒரே நாளில் பயணிக்குக் காட்ட வேண்டுமானால் இரு கரைக்காரரும் சேர வேண்டும். படகு ஒருவருடையது, சாப்பாடு இன்னொருவருடையது, வாகனம் மற்றொருவருடையது என்று பங்கு பிரித்துக் கொண்டால், பிரச்சினை வரும் நாளில் ஒருவருக்காக மற்றவர் பேசுவார்.

முதல் வேலை மிகச் சிறியது. ஒவ்வொரு ஊரின் வர்த்தக சங்கமும் மூன்று நாள் பயணத் திட்டம் ஒன்றை ஒரே தாளில் எழுதட்டும். எங்கே தங்குவது, எங்கே தொழுவது, படகுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, வெள்ளிக்கிழமை கடைகள் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பவை அதில் இருக்கட்டும். எழுதிய விலைக்கு மேல் ஒரு ரூபாவும் வாங்குவதில்லை என்று சங்கம் பொறுப்பேற்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் எமது பிள்ளைகளின் தொலைபேசிகளுக்கு அந்தத் தாளை ஜனவரியிலேயே அனுப்பி விடுங்கள். முதல் வாடிக்கையாளர்கள் அவர்களே. அவர்களது நண்பர்கள் பின்னால் வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

சூறா குறைஷ் பயணங்களோடு முடிவதில்லை. பசிக்கு உணவளித்து, அச்சத்திலிருந்து அபயமளித்த இறைவனை நினைவூட்டியே அது முடிகின்றது. வருமானமும் பாதுகாப்பும் ஒன்றையொன்று விட்டு நிற்பதில்லை என்பதை 2019 எமக்குக் காட்டியது. நம்பி வரும் விருந்தாளிக்கு அவ்விரண்டையும் கொடுக்கும் ஊருக்கு அவை திரும்பிக் கிடைக்கும். மருமகன் அடுத்த முறை அழைக்கும்போது “வந்து பார்த்துக்கலாம்” என்று சொல்லக் கூடாதென முடிவு செய்திருக்கின்றேன். தாளை எழுதத் தொடங்கி விட்டேன்.