வயசு போனால் சோதிக்கத் தேவையில்லையா?

வாயில் புண் ஆறவில்லை, மலத்தோடு இரத்தம் போகிறது என்று எழுபது தாண்டிய ஒருவர் சொன்னால், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வீடுகளில் எழும் முதற் பேச்சு: “வயசு போனா இதெல்லாம் வரும்தானே. இனிச் சோதிச்சு என்ன?” பாசத்தில் சொல்வதுதான். ஆனாலும் பிழை.

வயசு போனால் வருபவற்றில் புற்றுநோயும் ஒன்று. ஆகவே முதுமை சந்தேகத்தைக் கூட்ட வேண்டும், குறைக்கக் கூடாது. மாதவிடாய் நின்று வருடக்கணக்கான பிறகு இரத்தம் படுவது எந்த வயதிலும் வழமை அல்ல. வெற்றிலை விஷயம் இன்னும் மோசம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வெளியிட்டுவிட்டது. நாமோ மூன்று வாரமாக ஆறாத புண்ணை “சுண்ணாம்பு சுட்டது” என்கிறோம். பெத்தா (பாட்டி) ஐம்பது வருடமாக வெத்திலை போடுகிறா என்பது ஆறுதலுக்குரிய செய்தியா? விறைக்க ஊசி போட்டுச் சிறு துண்டு சதை எடுத்தால் விடை தெரிந்துவிடும்.

“வெளிநாட்டிலேயே கிழடுகளைச் சோதிக்கிறதில்லை” என்று தொலைபேசியில் சொல்லும் மருமக்களும் உண்டு. பாதி உண்மை. அமெரிக்க வழிகாட்டலில் 70க்கு மேல் புரஸ்டேட் இரத்தப் பரிசோதனையும், 85க்கு மேல் பெருங்குடல் பரிசோதனையும் பரிந்துரைக்கப்படுவதில்லை. அது எந்தக் குறியும் இல்லாதவர்களைச் சல்லடை போடுவது பற்றிய பேச்சு. இரத்தம் போகிறவருக்கு அந்த விதி பொருந்தாது.

“உடம்பு தாங்காது” என்பதில் நியாயம் உண்டு. ஆனால் அதைப் பிறந்த வருடம் தீர்மானிக்காது. 78 வயதில் வயலுக்குப் போகிறவரும் இருக்கிறார், 62இல் படுக்கையில் கிடப்பவரும் இருக்கிறார். நடை, சாப்பாடு, ஞாபகம், சிறுநீரகம், மற்ற வருத்தங்கள் எல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மார்புப் புற்று சிலவற்றுக்குக் குளிசையே போதும். எலும்புக்குப் பரவிய வலிக்குப் பல வேளைகளில் ஒரேயொரு தடவை கதிர்வீச்சு போதும். பார்க்காமல் விட்ட குடற்கட்டி ஒருநாள் குடலை அடைத்தால் செய்ய நேரும் அவசர சத்திரசிகிச்சையைத்தான் அந்த உடம்பு தாங்காது.

அலைச்சல் மெய். வைத்தியம் இலவசம் என்றாலும் வாகனக் கூலியும் ஒருநாள் உழைப்பும் போகும். ஆனால் மண்முனைப் பாலம் 2014இல் திறந்தாயிற்று. வாவி கடக்கப் பாதைப் படகுக்குக் காத்திருந்த காலம் இப்போது இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஓடத் தேவையில்லை.

வயற்காணியை யாருக்கு எழுதுவது என்று பெத்தாவிடம்தான் கேட்கிறோம். புண்ணைப் பற்றி மட்டும் பிள்ளைகள் கூடி முடிவெடுக்கிறோம். இன்ன வருத்தம், இன்ன வைத்தியம் என்று அறிந்த பிறகு “எனக்கு வேணாம்” என்று அவ சொன்னால், அது அவட முடிவு. அப்போதும் வலிக்கு மோர்பீன் கேட்கலாம். அதற்கும் என்ன வருத்தம் என்று தெரிந்திருக்க வேண்டும்.