விரலுக்குத் தக்க வீக்கம்

சென்ற தை மாதத்தில் எனது 350 சி.சி. மோட்டார்ச் சைக்கிளை விற்றுவிட்டு, பழைய எம்.டி. 90 ஒன்றை வாங்கினேன். ஓர் ஆசிரியன் தன் வண்டியை மாற்றிக்கொள்வது ஊருக்கு ஒரு செய்தியாகும் என்று நான் எண்ணியதில்லை. ஆனால் செய்தியாயிற்று. வாசிகசாலைத் திண்ணையில் இருந்த நண்பர் ஒருவர், "என்ன மாஸ்டர், பெரிய சைக்கிளை வித்துப்போட்டியளாம், ஏதும் காசு முடையோ?" என்று மிகுந்த பரிவோடு விசாரித்தார். மற்றொருவர், "வயது போனால் எல்லாரும் இறங்கத்தானே வேணும்" என்று ஆறுதல் கூறினார். மூன்றாமவர் ஒன்றும் கூறாமல் என் புதிய வண்டியைப் பார்த்துச் சிரித்தார்.

இம்மூவருக்கும், இவர்களைப்போல் எண்ணுகின்ற பலருக்கும் மறுமொழியாகவே இதனை எழுதுகிறேன். நான் காசு முடையினால் விற்கவில்லை, மூப்பினாலும் விற்கவில்லை. தெருவுக்கு ஏற்ற வண்டி எது என்னும் பாடத்தை 54 வயதிலேதான் கற்றுக்கொண்டேன். கற்றதைப் பிறருக்குச் சொல்வது என் தொழில், ஆதலாற் சொல்கிறேன்.

பெரிய வண்டியை நான் வாங்கியது 2018ஆம் ஆண்டில். அது தேவையினால் வாங்கப்பட்டதன்று, ஆசையினால் வாங்கப்பட்டது. வீட்டிலிருந்து பாடசாலைக்குள்ள தூரம் 6 கிலோ மீற்றர். அத்தூரத்தைத் துவிச்சக்கர வண்டியிற் கடந்தே பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். எனினும் அந்த எஞ்சினின் ஆழ்ந்த முழக்கத்தை முதன்முறை கேட்டபோது என் வயதில் இருபது குறைந்தது போலிருந்தது. எனக்கு முன்னே என் சத்தம் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அந்த மரியாதை எனக்கோ வண்டிக்கோ என்று நான் ஆராயவில்லை.

அந்த வண்டியின் எடை 190 கிலோகிராமுக்கு மேல். பலாலி வீதியிலே திருநெல்வேலிச் சந்தையடியில் காலை நெரிசலில் அகப்பட்டால், தவழ்ந்து செல்லும் வேகத்தில் அதனை நிமிர்த்திப் பிடிப்பதே ஒரு தேகப்பயிற்சி. இடக்கை கிளச்சைப் பிடித்துப் பிடித்து நோகும். காற்றினாற் குளிரவேண்டிய எஞ்சின், நின்ற இடத்திலே காற்றுக்கு எங்கே போகும்? அதன் வெக்கை முழுவதும் என் முழங்காலைத் தேடி வரும். இவற்றையெல்லாம் ஒரு பெருமையின் விலை என்று பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாத ஒன்று சென்ற புரட்டாதியில் நிகழ்ந்தது. மாலைப்பொழுது, தெரு வெறுமையாயிருந்தது. நான் மெதுவாகப் போவதாகவே எண்ணியிருந்தேன். மதில் மறைத்த ஒழுங்கையொன்றிலிருந்து சிறுமி ஒருத்தி துவிச்சக்கர வண்டியில் வெளிப்பட்டாள். பிறேக்கை அழுத்திய வேகத்தில் முன் சில்லு மணலிற் சறுக்கியது. வண்டி என்னுடன் சாய்ந்தது. அவளுக்கும் எனக்கும் இடையில் எஞ்சியிருந்த தூரம் ஒரு பாய் விரிக்கும் அளவுதான். அவள் மீது ஒரு கீறலும் இல்லை. ஆனால் என் கால் வண்டியின் கீழ் அகப்பட்டுக்கொண்டது. அதனை என்னால் அசைக்க முடியவில்லை. தெருவால் வந்த இரு இளைஞர்கள் தூக்கிவிடும் வரை அப்படியே கிடந்தேன். அச்சிறுமி, சிதறிய புத்தகங்களைப் பொறுக்காமல் என்னருகில் வந்து, "ஐயா, உங்களுக்குக் காயமோ?" என்று கேட்டாள். பிறந்தநாள் முதலாக நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அன்றிரவு கால் வீக்கத்துடன் கிடந்தபடி எண்ணிப் பார்த்தேன். நான் உண்மையில் எவ்வளவு வேகத்தில் வந்தேன்? மணிக்கு 60 கிலோ மீற்றருக்குக் குறையாது. எனக்கு அது முப்பது போலத் தோன்றியது. இங்கேதான் பெரிய எஞ்சினின் மாயம் இருக்கிறது. அறுபதிலே அது உழைப்பதில்லை, உறங்குகிறது. சிறிய எஞ்சினோ ஐம்பதைத் தொடும்போதே குரலெழுப்பி, உடல் நடுங்கி, "போதும்" என்று தன் எசமானுக்கு அறிவிக்கிறது. வேகமுள்ளும் விளக்கமாகச் சொல்லாத செய்தியை அதன் குரல் சொல்கிறது.

கணக்கு அறிந்தவர்களுக்காக ஒரு கணக்கும் கூறுகிறேன். ஆபத்தைக் கண்ட மனிதன் பிறேக்கை அழுத்த ஏறத்தாழ ஒரு விநாடி செல்லும். அந்த ஒரு விநாடியில் 40 கிலோ மீற்றர் வேக வண்டி 11 மீற்றரும், 60 கிலோ மீற்றர் வேக வண்டி 17 மீற்றரும் ஓடிவிடும். அதன்பின் உலர்ந்த நல்ல தெருவில் முழுப் பலத்துடன் பிறேக் பிடித்தாலும், முன்னது மொத்தமாகச் சுமார் 20 மீற்றரிலும், பின்னது சுமார் 36 மீற்றரிலுமே நிற்கும். மோதும் வலுவோ வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவது. நாற்பது அறுபதாகும்போது அது இரண்டேகால் மடங்காகிறது. நம்முடைய ஒழுங்கைகளில் 36 மீற்றர் தூரம் கண்ணுக்குத் தெரியும் முடக்கு எத்தனை? பனையோலை வேலிகள் இருந்த காலத்தில், வேலியின் ஊடாக ஓர் அசைவேனும் தெரியும். இன்று அவ்விடங்களில் மதில்களும் தகரங்களும் எழுந்துவிட்டன. அவற்றின் ஊடாக எதுவும் தெரிவதில்லை.

இனி, வலு எவ்வளவு வேண்டும் என்பதைப் பார்ப்போம். சமதரையில் ஒரு மனிதனை ஏற்றிக்கொண்டு மணிக்கு 50 கிலோ மீற்றர் வேகத்தில் ஓட, ஒரு மோட்டார்ச் சைக்கிளுக்குச் சுமார் 2 குதிரை வலு போதும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஏற்றமென்று சொல்லத்தக்க ஏற்றம் ஏது? ஊர்ப்பகுதிகளில் சட்டம் அனுமதிக்கும் வேகமும் அந்த ஐம்பதுதான். நம் நாட்டு அதிவேக நெடுஞ்சாலைகளிலோ மோட்டார்ச் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. அவ்வாறாயின் இருபது குதிரைகளை வாங்கி, அவற்றுள் பதினெட்டை இலாயத்திற் கட்டித் தீனி போடுவது எதற்காக?

இந்த உண்மையை யப்பானியர் முன்னமே கண்டுகொண்டனர். 1958ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனத்தார் 'சுப்பர் கப்' என்னும் வண்டியை வெளியிட்டனர். அதன் எஞ்சின் 49 சி.சி.; வலு நாலரைக் குதிரை. நூடில்ஸ் உணவைச் சுமந்து செல்லும் கடைப் பையன் ஒரு கையாலே ஓட்டத்தக்கதாக அது இருக்கவேண்டும் என்பது அந்நிறுவனத்தின் பங்காளர் புஜிசாவாவின் நிபந்தனை. ஆதலாற் கைக் கிளச்சே இல்லாமல் அது அமைக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் அவ்வண்டியின் உற்பத்தித் தொகை 10 கோடியைக் கடந்தது. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் அத்தொகையை எட்டியதில்லை. நான் வாங்கியுள்ள எம்.டி. 90 அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. யப்பான் நாட்டு அஞ்சற்காரர்களுக்கென ஆக்கப்பட்டது. வீட்டுக்கு வீடு நின்று நின்று கடிதம் கொடுக்கும் ஒருவனுக்கு ஏற்ற வண்டி, சந்திக்குச் சந்தி நின்று செல்லும் எனக்கு ஏலாமற் போகுமோ?

யப்பானியரிடம் போவானேன்? நம்முடைய அநுபவமே போதும். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபின், வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் இங்கே மோட்டார்ச் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலாற் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். பிளக்கிலே கரி படியும்; தெரு முழுவதும் புகையும். எங்கள் வீட்டிலிருந்த சிறிய 50 சி.சி. வண்டி அவ்வாறு ஐந்தாண்டுகள் ஓடியது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் நாள், வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த அன்றிரவு, நாவற்குழிப் பாலத்தை அடையுமுன்னரே அதன் மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. மழையில், அம்மாவையும் இரண்டு மூட்டைகளையும் அதன்மேல் இருத்தி, நானும் தங்கையும் தள்ளிக்கொண்டே கைதடிக்குப் போய்ச் சேர்ந்தோம். அன்று என் கையில் 190 கிலோகிராம் எடையுள்ள வண்டி இருந்திருப்பின், அம்மாவை நடக்க விட்டிருப்பேன். அல்லது வண்டியைத் தெருவோரத்தில் எறிந்திருப்பேன். இந்தப் பாடத்தை மறந்து 2018இல் நான் வாங்கியது பெரிய வண்டி.

2022ஆம் ஆண்டு மீண்டும் நினைவூட்டியது. கியூ.ஆர். அட்டை முறையில் மோட்டார்ச் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல். எஞ்சின் பெரிதோ சிறிதோ, பங்கு ஒன்றே. லீற்றருக்கு 30 கிலோ மீற்றர் ஓடிய என் வண்டி அதில் 120 கிலோ மீற்றர் போயிற்று. லீற்றருக்கு 50 ஓடிய அயலவரின் வண்டி 200 கிலோ மீற்றர் போயிற்று. வாரக் கடைசியில் என் மனைவியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றது அவருடைய வண்டிதான்.

எதிர்வாதங்களையும் கேளாமல் விடுவது நீதியன்று. கண்டி வீதியிலே யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குச் செல்பவனுக்குச் சிறிய வண்டி உகந்ததன்று. பின்னால் விரைந்து வரும் பேருந்தின் காற்றே அதனை அசைத்துவிடும். முந்துவதற்குக் கையிருப்பாக வலுவும் இராது. நான் பேசுவது ஊர்த்தெருவைப் பற்றி. மேலும், என் பழைய வண்டியின் பிறேக், புதிய பெரிய வண்டிகளின் பிறேக்கைப்போல் வலியதன்று. அதை அறிந்தே ஓட்டவேண்டும். சிறிய வண்டி ஓட்டுபவன் சாகமாட்டான் என்றும் நான் சொல்லவில்லை. தலைக்கவசத்தைக் கைப்பிடியிற் கொழுவிக்கொண்டு போகிறவனை எந்த எஞ்சினும் காப்பாற்றாது. வண்டி சிறுத்தால் மட்டும் புத்தி வளர்ந்துவிடாது. ஆனால் புத்தி தூங்கும் வேளையில் விழும் அடியின் கனம் குறையும்.

இனிச் சொல்லவேண்டியது என் வீட்டுக் கதை. பெரிய வண்டியை விற்கப்போகிறேன் என்றதும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டிருக்கும் என் மருமகன் ஓடிவந்தான். "மாமா, விக்கிறதெண்டால் எனக்குத் தாங்கோ. கனடாவிலை இருந்து சித்தப்பா காசு அனுப்புவார்" என்றான். நான் மறுத்தேன். "ஊரானுக்குக் குடுக்கிற சாமானை உன்ரை மருமகனுக்குக் குடுக்க மனம் இல்லையோ அண்ணை?" என்று தங்கை கேட்டாள். அன்று நாவற்குழியில் என்னுடன் வண்டி தள்ளிய அதே தங்கை. மூன்று கிழமை அவள் என்னோடு பேசவில்லை. அந்த வண்டியை நான் விற்றது வவுனியாவுக்கு வாரந்தோறும் போய்வரும் ஒரு வியாபாரிக்கு. அவர் நடுவயதினர், நெடுந்தூர ஓட்டத்துக்கே வேண்டுமென்றார். எனினும் அவர் வீட்டிலும் ஒரு பையன் இருக்கக்கூடும் என்ற நினைவு சில இரவுகளில் வருகிறது. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இந்நாட்டில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார்ச் சைக்கிள்கள். அவற்றுள் ஒவ்வொன்றையும் யாரோ ஒரு தகப்பனோ மாமனோ, கடல் கடந்த சித்தப்பனோ காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இது: பிள்ளை எந்த வண்டியைக் கேட்கிறான் என்று கேட்பதற்கு முன், அவன் எந்தத் தெருவில் ஓடப்போகிறான் என்று கேளுங்கள். நீங்கள் நினைவில் வைத்திருக்கும் அந்த ஒழுங்கை அகலவில்லை. அதன் இரு மருங்கிலும் மதில் மட்டுமே உயர்ந்திருக்கிறது. அனுப்புவதாயின் முதலில் நல்ல தலைக்கவசத்துக்கு அனுப்புங்கள். எஞ்சினை விரலுக்குத் தக்க வீக்கமாக வாங்கிக் கொடுங்கள். வள்ளுவர் 'வலியறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தது அரசர்க்கு மட்டும் என்று நான் நம்பவில்லை.

வாசிகசாலை நண்பர் இன்னும் சிரிக்கிறார். தங்கை பேசத் தொடங்கிவிட்டாள். மருமகன் இடையிடையே என் எம்.டி. 90ஐ முகத்தைச் சுளித்தபடி இரவல் வாங்கிப் போகிறான். நான் காலையில் அதே ஒழுங்கை முடக்கைக் கடந்தே பாடசாலைக்குப் போகிறேன். அச்சிறுமியும் அதே நேரத்தில் வருவாள். முன்பெல்லாம் என் எஞ்சின் முழக்கத்தில் வேறொன்றும் என் காதில் விழுந்ததில்லை. இப்போது முடக்குக்கு அப்பால் அவள் வருமுன்னரே, அவளுடைய சைக்கிள் மணி எனக்குக் கேட்கிறது.