ஒப்பந்தத்தில் இல்லாத யன்னல்

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுவிக்கும் நம்மவர்களிற் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருந்துகொண்டே அதனைச் செய்கின்றனர். அத்திவாரம் முதல் கூரை வரை ஒவ்வொரு கட்டமும் கைத்தொலைபேசித் திரையில் அவர்களுக்குக் காட்டப்படுகிறது. பார்த்ததும் ஓர் எண்ணம் எழும். "இந்த அறைக்கு இன்னுமொரு யன்னல் வையுங்கோ" என்பார்கள். "ஓம், செய்து தாறன்" என்பார் ஒப்பந்தகாரர். விலையை இவரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. இறுதிக் கணக்கு வரும்போது உறவு முறிகிறது.

வேலையின் நடுவே மாற்றம் கேட்பது குற்றமன்று. பல நாடுகளில் பின்பற்றப்படும் ஃபிடிக் ஒப்பந்த நிபந்தனைகளின் 1999ஆம் ஆண்டுச் சிவப்புப் புத்தகம், 13ஆம் பிரிவு முழுவதையும் மாற்றங்களுக்கும் சீராக்கங்களுக்குமே ஒதுக்கியிருக்கிறது. வேலையின் அளவு, தரம், மட்டம், செய்யும் ஒழுங்கு ஆகியவற்றை மாற்றலாம். ஒரு வேலையை நீக்கவும் செய்யலாம்; ஆனால் நீக்கியதை வேறொருவரிடம் கொடுத்துச் செய்விக்க முடியாது. ஒப்பந்தகாரரும் பொறியியலாளரின் பணிப்போ சம்மதமோ இன்றித் தாமாக எதனையும் மாற்றலாகாது. வாய்மொழிப் பணிப்பாயின், ஒப்பந்தகாரர் 2 வேலை நாட்களுக்குள் அதனை எழுத்தில் உறுதிப்படுத்துவார். அது கிடைத்து 2 வேலை நாட்களுக்குள் பொறியியலாளர் எழுத்தில் மறுக்காவிட்டால், அதுவே எழுத்துமூலப் பணிப்பாகிவிடும். பெருவேலைகளிலேயே வாய்ச்சொல்லுக்கு இவ்வளவுதான் ஆயுள்.

ஒரு யன்னலின் விலை அதன் நிலையும் கண்ணாடியும் மட்டுமன்று. எழுப்பிய சுவரை உடைக்கும் கூலி, மேலே இடவேண்டிய கொங்கிறீற் வளை, மறுபடியும் சாந்து பூசுதல், இவற்றுக்குச் செல்லும் நாட்கள் என யாவும் அதிற் சேரும். ஒப்பந்தத்தில் ஏற்கெனவே யன்னலுக்கு விலை இருந்தால், ஒத்த வேலைக்கு அதே விலை பொருந்தும். இல்லையேல் பொருள், கூலி, நியாயமான இலாபம் ஆகியவற்றைக் கூட்டிப் புதுவிலை காண வேண்டும். சுவர் உடைபடுமுன் பேசினால் இது கணக்கு. உடைந்தபின் பேசினால் வழக்கு.

வரைபடம் முடியுமுன் அத்திவாரம் வெட்டுவதுதான் பல மாற்றங்களுக்கு மூலம். சிட்னி ஒபேரா மாளிகை இதற்குப் பேர்போன சான்று. கூரையை எப்படிக் கட்டுவதென்று முடிவாகாத நிலையில், அரசாங்கத்தின் அவசரத்தால் 1959இல் வேலை தொடங்கிற்று. பின்னர், கூரையைத் தாங்கப் போதாத தூண்களை மீண்டும் கட்ட நேர்ந்தது. கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் 1966இல் விலகினார். 70 இலட்சம் டொலர் எனப்பட்ட மதிப்பீடு, 1973இல் மாளிகை திறக்கப்பட்டபோது 10 கோடியே 20 இலட்சம் டொலராகியிருந்தது. அரசாங்கம் லொத்தர் நடத்திப் பணம் திரட்டியது. வெளிநாட்டில் இரண்டு வேலை பார்த்து வீடு கட்டுபவருக்கு அந்த வழியும் இல்லை.

"சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. சீதனக் காணியை உறுதி எழுதாமல் கொடுத்தவர்களா நாம்? சட்டத்தரணி வேண்டியதில்லை. மாற்றம் எது, கூடும் அல்லது குறையும் தொகை எவ்வளவு, எத்தனை நாள் தாமதம் என்ற மூன்றும் தொலைபேசிச் செய்தியாகவேனும் இரு தரப்பாராலும் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். அதுவரை அந்த வேலையில் கை வைக்கலாகாது.

குறைந்த விலை சொல்லி வேலையை எடுத்து, மாற்றங்களில் அதனைச் சரிக்கட்டும் ஒப்பந்தகாரரும் இருக்கிறார். கேட்டதையெல்லாம் செய்வித்துவிட்டு, "ஒப்பந்தத் தொகைக்கு மேல் ஒரு சதமும் தரேன்" என்னும் வீட்டுக்காரரும் இருக்கிறார். இருவரும் முரண்பட்டு நிற்கையில், கூலி கிடைக்காமல் வீடு திரும்புபவர் அந்த யன்னலை வைத்த மேசன்தான். எவருடைய ஒப்பந்தத்திலும் அவருடைய பெயர் இல்லை. எழுதிவைக்கும் பழக்கம் முதலில் காப்பது அவருடைய நாட்கூலியைத்தான்.